என் கை நீண்ட மூன்று வாரம்

நாலாம் வகுப்பில் பாதியோடு நின்றவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை. அந்த அரை வகுப்பை வைத்துக்கொண்டு நான் என்னென்ன கட்டினேன் தெரியுமா? ஐயம்பேட்டை ரோட்டோரம் ஒரு தகரக் கூரைப் பட்டறை. அதில் இருக்கிற லேத்து மிஷினைத் தவிர மற்ற எல்லாம் என் கையால் செய்தது. சைக்கிள் சக்கரத்தையும் டேபிள் ஃபேன் மோட்டாரையும் சேர்த்து ஒரு நூல் சுற்றும் மிஷின் செய்தேன். அதைப் பார்த்து மற்றவர்கள் செய்துகொண்டது இன்றைக்கு நாலு தெருவில் ஓடுகிறது. எங்கள் தெருச் சர்ச்சுக்கு மணி தொங்க இரும்புக் கூண்டு. எங்கள் தெருவில் யார் செத்தாலும் தோளில் சுமக்க வேண்டாம் என்று நாலு சக்கரம் வைத்த சவ வண்டி. வளைந்து ஏறுகிற மாடிப்படி ஒன்று. அதற்கு இஞ்சினியர் கிடையாது, சுண்ணாம்புக் கட்டியால் தரையில் நானே வரைந்தேன். இரண்டு பெண்கள், ஒருத்தி நர்ஸ், ஒருத்தி பி.காம்.

பெரிய காஞ்சிபுரத்தில் சேலைக் கரையில் பூ விழ வேண்டுமென்றால் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டி வேண்டும். அந்தப் பெட்டி நின்றுவிட்டால் என்னைக் கூப்பிட வேண்டும். என் அப்பா அந்தத் தறி வீடுகளுக்கு நெல் மூட்டை இறக்கப் போனபோது வாசலோடு சரி. நான் நடுவீட்டில் தறிமேல் ஏறி உட்கார்ந்தேன். உட்கார வைத்தது யாரும் இல்லை, என் காதுதான். பெட்டி ஓடுகிற சத்தத்தைக் கேட்டே எந்தக் கொக்கி தூக்கவில்லை என்று சொல்லிவிடுவேன்.

இப்படிப்பட்டவனுடைய வலது கை, அறுபத்து மூன்றாவது வயதில், என் பேச்சைக் கேட்காமல் போனது. ஏன் போனது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. எப்படித் திரும்பி வந்தது என்பது அதைவிடப் புரியவில்லை. புரியாவிட்டாலும் நடந்ததைச் சொல்கிறேன், என் பி.காம். பெண் எழுதுகிறாள்.

ஐயம்பேட்டைக்கு அப்பால் ஏரிக்கரை ஓரம் அம்பு விடுகிற மைதானம் ஒன்று இருக்கிறது. அதை நடத்துகிறவர் ஒரு பெண். பகலில் கவர்மென்ட் வேலை, காலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பயிற்சி. எல்லாரும் டீச்சர் என்று கூப்பிடுவோம். இலக்குப் பலகைகளை நிறுத்த இரும்பு ஸ்டாண்டு வேண்டும் என்று அவர் என் பட்டறைக்கு வந்தார். எட்டு ஸ்டாண்டு செய்து கொண்டுபோய் நட்டேன். நட்டுவிட்டு, "நானும் ஒண்ணு வுட்டுப் பாக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன். சின்னப் பிள்ளைகள் சக்கரமும் குழாயும் வைத்த வில்லோடு நின்றார்கள். எனக்கு ஓரமாய்ச் சாய்த்து வைத்திருந்த மர வில்லைக் கொடுத்தார். முதல் அம்பே பலகையில் போய் நின்றது. இது பெருமைக்குச் சொல்வது இல்லை, பார்த்தவர்கள் இருக்கிறார்கள்.

அந்த மர வில்லைச் செய்தவர் என் சிநேகிதர் பாய். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவை மரத்தில் கடைந்து கொடுக்கிற குடும்பம் அவர்களுடையது. மூங்கிலை ஒட்டி வில் செய்வதை அவர் தானாகவே கற்றுக்கொண்டார். எனக்கென்று ஒன்று செய்து கொடுத்தார். இரண்டு வருடம் நாங்கள் இரண்டு பேரும் காலை ஆறரைக்கு மைதானத்தில் இருப்போம். மர வில்லில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நாணை இழுத்து, விரல் வாயோரத்தைத் தொட்டு, ஒரு மூச்சு நின்று, விட வேண்டும். அவ்வளவுதான்.

அந்த ஒரு மூச்சு நிற்பதுதான் எனக்குப் போய்விட்டது.

ஒரு நாள் காலை, நாண் பாதி தூரம்தான் வந்தது. அம்பு முனை பலகையின் நடுவில் இருக்கிற மஞ்சள் வட்டத்துக்கு நேரே வந்தது. வந்த மாத்திரத்தில் விரல் திறந்துகொண்டது. நான் திறக்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நான் விடவில்லை. அம்பு தரையில் போய்ச் செருகியது. அடுத்ததும் அப்படியே. ஒரு வாரம் முழுக்க அப்படியே.

கண்ணாக இருக்கும் என்று கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கண் நன்றாக இருக்கிறது என்றார்கள். நரம்பாக இருக்கும் என்று வெல்டிங் ராடைப் பிடித்துப் பார்த்தேன். ஒரு நடுக்கம் இல்லை, கோடு போட்ட மாதிரி நெருப்பு ஓடியது. பலகையைக் கழற்றிவிட்டு வெறும் மண்மேட்டைப் பார்த்து இழுத்தேன். கை நின்றது! வாயோரம் வந்தது, ஒரு மூச்சு, இரண்டு மூச்சு, எத்தனை மூச்சு வேண்டுமானாலும் நின்றது. பலகையை மாட்டினேன். மஞ்சளைப் பார்த்ததும் ஓடிப்போனது. மஞ்சள் இல்லாதபோது அது என் கை. மஞ்சள் வந்தால் யாருடைய கை? இதை யாரிடம் போய்க் கேட்பது?

வீட்டில் சொன்னேன். என் மனைவி தறி வீடுகளுக்குப் பாவு பிணைக்கப் போகிறவள். பாவு என்றால் நெடுக்கே ஓடுகிற இழை. தறியில் பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏறும்போது பழைய இழையையும் புது இழையையும் ஒவ்வொன்றாக விரலில் முறுக்கிச் சேர்க்க வேண்டும். ஆயிரக்கணக்கில் இழை. பொறுமை என்றால் அவளிடம் கடை போட்டு விற்கலாம். அவள் சொன்னாள்: "உனக்கு எதைத் தொட்டாலும் சீக்கிரம் முடிச்சிடணும். கைக்கும் அந்தப் புத்திதான வரும்?"

"முடிச்சதாலதான்மே இந்த வூடு நிக்குது."

"வூடு நிக்குது. அம்பு நிக்கலியே."

டீச்சர் அதற்கு ஒரு இங்கிலீஷ் பேர் சொன்னார். டார்கெட் பேனிக், இலக்கைக் கண்டதும் வருகிற பதற்றம். பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் வருமாம். பேர் வைத்தால் போய்விடுமா? போகவில்லை.

அதற்குப் பிறகு ஒரு காரியம் நடந்தது. கை ஓடிப்போவதைத் தடுக்க வில்லை மேலே தூக்கிப் பிடித்து இழுத்து, அப்படியே இறக்கினால் என்ன என்று எனக்கு ஒரு யோசனை. தூக்கினேன். மஞ்சள் ஓரக்கண்ணில் பட்டிருக்க வேண்டும். மேலே பார்த்த வாக்கிலேயே அம்பு போய்விட்டது. மண்மேட்டைத் தாண்டி, முள்வேலியைத் தாண்டி, எங்கே போனது என்றே தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் வேர்க்கடலைக் கொல்லையிலிருந்து ஒரு பெண் பிள்ளை அம்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள்.

"யாருதுபா இது? குனிஞ்சி களை எடுத்துக்கினு இருக்கேன், பக்கத்துல வந்து குத்திக்கினு நிக்குது. நான் இன்னா கொக்கா?"

"எம்மா, நான் வுடலமா. கை தானா..."

"கை உன்னுதுதானே? இல்ல வாடகைக்கு எடுத்தாந்தியா?"

பாய் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். டீச்சர் சிரிக்கவில்லை. அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டு என்னிடம் வந்தார்.

"ஐயா, கோச்சிக்காதீங்க. இது சேஃப்டி மேட்டர். இன்னிலேர்ந்து உங்களுக்கு அஞ்சு கஜம் தூரம்தான். அதுவும் பக்கத்துல நான் இருந்தாத்தான். அடுத்த மாசம் கடைசி ஞாயிறு பன்னெண்டு அம்பு டெஸ்ட் வெக்கிறேன், எட்டாத தூரம் இல்ல, நீங்க எப்பவும் வுடுற தூரம்தான். பன்னெண்டும் முழுசா இழுத்து, நின்னு, வுடணும். எங்க படுதுன்னு பாக்க மாட்டேன். ஒண்ணு தானாப் போனாலும் நீங்க இனிமே அம்பு வுடுற கோட்டுல நிக்க முடியாது."

"நிக்காம?"

"உக்காந்து ஸ்கோர் எழுதலாம் ஐயா."

நாலாம் வகுப்பில் பாதியோடு நின்றவனை உட்கார்ந்து எழுதச் சொல்கிறார்! அந்தக் கோட்டில் நிற்கிற இடம் எனக்கு யாரும் தானமாகக் கொடுத்தது இல்லை. என் ஸ்டாண்டுக்கு எதிரே நான் நிற்கக் கூடாது என்றால் அந்த மைதானத்தில் எனக்கு என்னதான் வேலை?

மறுநாள் டீச்சரே போனில் ஒன்றைக் காட்டினார். யாரோ வெள்ளைக்காரர், தாடி வைத்தவர், நம் மாதிரி மர வில்தான் வைத்திருந்தார். வில்லின் மேல் பாதியில், அவரைப் பார்த்த பக்கத்தில், கட்டை விரல் அளவு ஏதோ ஒட்டியிருந்தது.

"இது கிளிக்கர் ஐயா. இதுலேர்ந்து ஒரு கயிறு நாணுக்குப் போவுது பாருங்க. நாணை இழுக்க இழுக்கக் கயிறு டைட்டாவும். முழுசா இழுத்ததும் இதுல இருக்கிற தகட்ட இழுத்து 'கிளிக்'னு சத்தம் வரும். கயிறு எவ்ளோ நீளமோ அவ்ளோ தூரம் இழுத்தாத்தான் சத்தம். சத்தம் வந்தா வுடணும், வராட்டி வுடக் கூடாது. அதுவரைக்கும் மஞ்சளப் பத்தி நெனக்கவே வேணாம். போட்டிக்கு ஒத்துக்குவாங்களா தெரியல. நம்ம கிரவுண்டுல பரவால்ல. ஆனா வெளிநாட்டுலேர்ந்து வரணும், எப்ப வரும்னு..."

"வர வேணாம்மா," என்றேன். அரை நிமிடம் பார்த்தேன், போதும்.

ஏனென்றால் அது எனக்குத் தெரிந்த சங்கதி. தறியில் மிதியை மிதித்ததும் மேலே ஜக்கார்டு பெட்டி 'டக்' என்று தூக்கும். அந்த 'டக்' வந்த பிறகுதான் நாடா குறுக்கே ஓடும். சத்தத்துக்கு முன்னால் எந்த நெசவாளியின் கையும் நாடாவை விடாது. விட்டால் இழை அறுந்து பூ கெட்டுப் போகும். ஒரு ஊரே சத்தத்துக்குக் காத்திருந்து கையை ஓட்டுகிறது. என் கை மட்டும் காத்திருக்காதா?

திருவிழாக் கடைகளில் குழந்தைகளுக்கு விற்கிற தகரத் தவளை ஒன்று உண்டு. வயிற்றில் இருக்கிற தகட்டை அமுக்கினால் 'டக் டக்' என்று கத்தும். கோயில் பக்கம் கடை வைத்திருக்கிறவரிடம் ஆறு தவளை வாங்கி வந்தேன். ஐந்தை அறுத்துக் கெடுத்தேன். ஆறாவதன் தகட்டு நாக்கைத் திருப்பி வைத்து, ஒரு பித்தளைச் சட்டத்தில் மாட்டி, வில்லில் கட்டினேன். கத்தியது. ஒரு நாள்தான். மறுநாள் நாக்கு தொங்கிப்போனது. பிறகு பட்டறையில் கிடந்த பழைய இரும்பு அளவு டேப்பின் ஆரம்பத்தில் ஒரு ஜாண் துண்டு வெட்டினேன். டேப்புக்கு நடுவில் ஒரு குழிவு இருக்கும் அல்லவா, அதை மடக்கினால் என்ன சத்தம் வரும் என்று டேப்பு பிடித்தவர்களுக்குத் தெரியும். அதை வளைத்து வைத்ததும் மைதானத்தின் அந்தக் கோடிக்குக் கேட்டது. அந்தச் சத்தத்தை நான் கண்டுபிடித்தேன். யாரும் எனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை.

கயிற்றுக்குப் பட்டு. எங்கள் வீட்டில் எதைக் கட்டுவதானாலும் பட்டுக் கழிவு இழைதான். எட்டு இழையைச் சேர்த்துத் திரித்தேன். நாலு விரல் நீளம் குறைந்தது, இன்னொரு துண்டைச் சேர்க்க வேண்டியிருந்தது. பட்டில் முடிச்சுப் போடுவதா? இந்த ஊரில் சேலையில் முடிச்சு தட்டுப்பட்டால் கடைக்காரர் நகத்தால் தடவிக் காட்டி முகத்தைச் சுளிப்பார். பாவு பிணைக்கிற பெண்கள் முடிச்சே போடமாட்டார்கள், சாம்பலைத் தொட்டு விரலால் முறுக்கியே சேர்த்துவிடுவார்கள். நாற்பது வருடம் தறிமேல் உட்கார்ந்து ஜக்கார்டு பெட்டியைத் திருகிக்கொண்டே கீழே அந்த விரல்களைப் பார்த்தவன் நான். அதே மாதிரி முறுக்கினேன், கொஞ்சம் கஞ்சி தடவிக் காயவைத்தேன். எது இணைப்பு என்று கண்ணுக்குத் தெரியவில்லை. மனைவியிடம் கேட்கவும் இல்லை, காட்டவும் இல்லை. எதற்குக் காட்ட வேண்டும்?

வில்லில் மாட்டி முதல் தடவை முழுத் தூரத்திலிருந்து இழுத்தேன். கிளிக்கர் இருக்கிறதே என்று அந்தத் தூரத்துக்கு ஒத்துக்கொண்டு டீச்சர் பக்கத்தில் நின்றார். மஞ்சள் வந்தது. விரல் துடித்தது. சத்தம் வரவில்லையே, இன்னும் வரவில்லையே என்று காது கேட்டுக்கொண்டிருந்தது. விரல் வாயோரம் தொட்டது. 'டக்'. அம்பு போய்ப் பலகையில் நின்றது.

சந்தோஷப்பட வேண்டியவன் நான் குழம்பிப்போனேன்.

"பாய், இப்ப வுட்டது யாரு?"

"இன்னா கேள்வி இது மேஸ்திரி? நீதான்."

"நான் வுடலியே. சத்தம் வந்துது, அம்பு போச்சு. நடுவுல நான் இல்லவே இல்ல."

"யா அல்லா. சரி, நானே வுட்டேன்னு வெச்சிக்க. டீ வாங்கியா."

அன்றைக்கு ஒன்பது அம்பு விட்டேன். ஒன்றும் முன்னால் ஓடவில்லை. பாய் ஒரு அம்பின் மேல் பேனாவால் கோடு போட்டார். நான் முழுக்க இழுத்து நிற்கும்போது அம்பு வில்லைத் தொடுகிற இடம் அது. அங்கிருந்து முனை மூன்று விரல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. "இது உன் அளவு. இதுக்கு மேல இழுக்காத," என்றார்.

ஒரு வாரம் கழித்து அம்புகள் கொஞ்சம் மேலே படத் தொடங்கின. முதலில் மஞ்சளுக்கு மேலே சிவப்பில். பிறகு நீலத்தில். காற்று என்று நினைத்தேன். மழை வரப்போகிறது, வில் இறுகிவிட்டது என்று நினைத்தேன். பாய் கோடு போட்ட அம்பை எடுத்து இழுத்துக் காட்டச் சொன்னார். 'டக்' என்றதும் நின்றேன். குனிந்து பார்த்தார். கோடு வில்லைத் தாண்டி என் பக்கம் ஒரு விரல் உள்ளே வந்திருந்தது. முனை இரண்டு விரல்தான் வெளியே.

"மேஸ்திரி, கை நீண்டுக்கினு போவுது போல."

"பலம் ஏறுது பாய். ரெண்டு வருசமா இழுக்கிறேன் இல்ல?"

"அறுவத்தி மூணுல கை வளருமா?"

"எனக்கு வளரும்."

சொல்லிவிட்டேனே தவிர, உள்ளே சந்தேகம். வீட்டுக்கு வந்து சுவரில் கையை நீட்டி டேப்பால் அளந்தேன். எந்த டேப்பு? ஆரம்பத்தில் துண்டு வெட்டிய அதே டேப்புதான். வெட்டிய அளவைக் கழித்துச் சொன்னேன். மனைவி கழிக்காமல் வாசித்தாள். இரண்டு பேருக்கும் ஒரு ஜாண் வித்தியாசம் வந்தது. "ஒரு ஜாண் வளந்திருக்குதுய்யா," என்று சிரித்தாள். சட்டைக் கையை இழுத்துப் பார்த்தேன், சட்டை அப்படியே இருந்தது. நீளாத கையில் அம்பு எப்படி உள்ளே வருகிறது? தோள் திறந்துகொண்டதா? நெஞ்சு விரிந்ததா? தகட்டைக் கழற்றிப் பார்த்தேன், சரியாக இருந்தது. வில்லைத் தட்டிப் பார்த்தேன், சரியாக இருந்தது. கயிற்றைப் பார்க்கவே இல்லை. என் கையால் முறுக்கியது, அதில் என்ன பார்ப்பது?

மூன்றாவது வாரம் முனை ஒரு விரல்தான் வெளியே. எனக்கு ராத்திரியெல்லாம் ஒரு பக்கம் பெருமையும் ஒரு பக்கம் பயமுமாக இருந்தது. எது நியாயமானது என்று தெரியவில்லை.

டெஸ்ட் நாள் வந்தது. கிளம்பும்போது மனைவியும் புடவை மாற்றிக்கொண்டு நின்றாள்.

"நீ எங்கமே வர்ற?"

"உன்னத் தொரத்துறத நான் பாக்க வேணாமா?"

ஷேர் ஆட்டோவில் அவள் மடியில் அம்புப் பை, என் மடியில் வில். மைதானத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். டீச்சர் எனக்குப் பின்னால் வலது பக்கம் நின்றார். முதல் ஆறு அம்பும் முழு இழுப்பு. ஆறும் பலகையின் மேல் விளிம்பில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. எங்கே பட்டாலும் பரவாயில்லை என்று டீச்சர் சொல்லியிருந்ததால் நான் கவலைப்படவில்லை.

ஏழாவது அம்பு. இழுத்தேன். வாயோரம் வந்தது. சத்தம் வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். தாடைக்குப் பின்னால் போய்விட்டது, சத்தம் வரவில்லை. மஞ்சள் நேரே நிற்கிறது. அந்தச் சமயத்தில் அம்பு முனை வில்லைத் தாண்டி உள்ளே வந்து, வில்லைப் பிடித்திருந்த என் இடது கை விரல் முட்டிமேல் விழுந்தது. சுருக்கென்று குத்தியது. விட்டிருந்தால் அம்பு என் கைக்குள்ளேயே போயிருக்கும். ஆனால் விரல் திறக்கவில்லை. மஞ்சளைப் பார்த்துக்கொண்டே நாணை மெல்ல மெல்ல முன்னால் கொண்டுபோய் இறக்கினேன்.

"ஸ்டாப்! எல்லாரும் ஸ்டாப்!" என்றார் டீச்சர்.

"பாத்தியாமா? நின்னுச்சி! கை நின்னுச்சி!" என்றேன் நான்.

"ஐயா, ரத்தம் வருது உங்களுக்கு. முனை உள்ள வந்துடுச்சி. எவ்ளோ டேஞ்சர் தெரியுமா? வில்ல வெச்சிடுங்க."

"ஆனா வுடலியேமா. தானாப் போவலியே."

அவர் பார்த்தது அம்பை. நான் பார்த்தது விரலை. இரண்டு பேர் சொன்னதும் உண்மை. நான் ஜெயித்தேனா தோற்றேனா என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. டீச்சர் வில்லை வாங்கிக்கொண்டார். அவ்வளவுதான், எழுத உட்கார வேண்டியதுதான் என்று நினைத்தேன்.

என் மனைவி வந்து என் முட்டியைப் பார்த்தாள். முந்தானையால் அழுத்தினாள். பிறகு டீச்சர் கையிலிருந்த வில்லைப் பார்த்தாள். கயிற்றை இரண்டு விரலால் நீவிக்கொண்டே போனவள் நடுவில் நின்றாள். லேசாக இழுத்தாள். கயிறு இரண்டு துண்டாகக் கழன்று அவள் கையோடு வந்துவிட்டது.

"இத யாருய்யா பிணைச்சது?"

"நான்தான்."

"உனக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

"நாப்பது வருசமா மேலருந்து பாத்துக்கினுதானே இருந்தேன்?"

"மேலருந்து பாத்தா வெரல் தெரியும். வேலை தெரியுமா? பாவுல பிணைச்ச எழ ஒரே ஒரு தடவதான்யா தறியத் தாண்டும். தாண்டுனா துணிக்குள்ள போயி நெருக்கிக்கும், அப்புறம் எங்க நழுவும்? நீ ஒரு நாளிக்கு நூறு தடவ வெடுக்கு வெடுக்குனு இழுக்கிற. ஒவ்வொரு இழுப்புக்கும் மயிரளவு நழுவிக்கினே வந்திருக்குது. உன் கை எங்க நீண்டுது? கயிறுதான் நீண்டுது."

பாய் அப்போது வாயைப் பொத்தவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒரு ஜாண் வளந்தாச்சுனு சட்டை தைக்கக் குடுத்திருப்பான்மா இன்னும் ஒரு வாரம் போனா!"

அவள் இரண்டு துண்டையும் சேர்த்து முடிச்சுப் போடப் போனாள். நான் கையைப் பிடித்தேன். "முடிச்சா? பட்டுல முடிச்சுப் போடாதமே!"

"இது இன்னா பொடவையா? யாரு கட்டிக்கப் போறா?"

போட்டாள். பல்லால் நுனியைக் கடித்துத் துப்பினாள். பாய் போட்ட பேனாக் கோட்டை வைத்து அளவு பார்த்தோம். பழையபடி முனை மூன்று விரல் வெளியே நின்றது. பாயும் ஒரு தடவை, டீச்சரும் ஒரு தடவை கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை.

டீச்சர் வில்லை என்னிடம் நீட்டினார். "வுட்டாத்தான் அம்பு. ஏழாவது நீங்க வுடல, அதனால அது கணக்குல வராது. ஆறு பாக்கி இருக்குது. வுடறீங்களா?" என்று கேட்டார். அந்த நியாயத்துக்கு அவருக்கு நான் கும்பிடு போடக் கடமைப்பட்டவன்.

விட்டேன். ஏழு, எட்டு, ஒன்பது, பத்து, பதினொன்று. ஒவ்வொரு தடவையும் 'டக்', அம்பு போகும். அத்தனையும் மஞ்சளைச் சுற்றியே. பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

பன்னிரண்டாவதில்தான் எனக்கு என்னவோ ஆனது. இழுத்தேன். 'டக்' என்றது. நான் விடவில்லை. ஏன் விடவில்லை? சத்தம் கேட்டது, தெளிவாகக் கேட்டது. விரல் மூடியபடி இருந்தது. விடு என்று சொல்ல வேண்டியது நானா, சத்தமா என்று ஒரு கணம் தெரியவில்லை. ஒரு மூச்சு. இரண்டு மூச்சு. தோள் வலித்தது. பிறகு, சரி, நானே விடுகிறேன் என்று மனதுக்குள் சொல்லிவிட்டு விட்டேன். அம்பு பலகையின் அடிப்பக்கம் வெள்ளையில் போய் ஒட்டிக்கொண்டு நின்றது. பன்னிரண்டில் அதுதான் மட்டமான அம்பு. அது ஒன்றுதான் நான் விட்டது என்று என்னால் நிச்சயமாகச் சொல்ல முடியும்.

"கிளிக் வந்தும் ஏன் ஐயா நின்னீங்க?"

"தெரியலமா."

"பரவால்ல. பன்னெண்டும் நின்னுச்சி. கோடு உங்களுதுதான்."

திரும்பவும் ஷேர் ஆட்டோவில் வந்தோம். ஐயம்பேட்டை திரும்புகிற இடத்தில் மனைவி, "கடைசி அம்பு நல்லாதான் போச்சு," என்றாள். அது நல்ல அம்பு இல்லை என்று அவளுக்கும் தெரியும். எதற்கு அப்படிச் சொன்னாள் என்று கேட்கத் தோன்றவில்லை.

இப்போது அந்த மைதானத்தில் ஒன்பது மர வில்லில் கிளிக்கர் இருக்கிறது. ஒன்பதும் என் பட்டறையில் வெட்டியது. இரண்டு டேப்பு அதற்கே தீர்ந்துபோனது. கயிறு என் மனைவி திரித்து முடிச்சுப் போட்டது. பெரியவர்கள் மூன்று பேருக்கும் ஒரு காலேஜ் பெண்ணுக்கும் என்னுடைய அதே வியாதி வந்து போயிருக்கிறது. எனக்கும் முழுக்கப் போய்விட்டதா தெரியாது. கிளிக்கரைக் கழற்றிவிட்டு இழுத்தால் சில நாள் நிற்கிறது, சில நாள் ஓடுகிறது.

போன மாதம் மைதானத்துக் கமிட்டிக்காரர்கள் வாசலில் பெரிய ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் என் படம் இருக்கிறது, ஆள் உயரத்துக்கு. வில்லை இழுத்துக்கொண்டு நிற்கிறேன். எழுத்துக் கூட்டிப் படித்தேன், இரண்டு தடவை. என் படத்துக்குக் கீழே 'பயத்தை வென்ற மூத்த வீரர்' என்று போட்டிருக்கிறது. ஓரத்தில் சின்ன எழுத்தில், கிளிக்கர் அறிமுகம் டீச்சர், வில் பாய், கயிறு என் மனைவி. நான் வெறும் வியாதிக்காரன். டீச்சரிடம் கேட்டேன். "உங்க போட்டோதானே ஐயா எல்லாத்த விடப் பெருசா இருக்குது?" என்கிறார். அவர் மேல் குற்றம் சொல்லவில்லை. காட்டியது அவர்தான், சோதித்தது அவர்தான். பாய் கோடு போடாவிட்டால் அளவு தெரிந்திருக்காது. முடிச்சு என் மனைவியுடையது, நான் இல்லை என்றா சொன்னேன்? நழுவிய கயிறு என்னுடையது, அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் சத்தம் யாருடையது? அந்த இரும்பு நாக்கை வளைத்தது யார்? பதினொரு அம்பை நான் விட்டேனா, சத்தம் விட்டதா என்று எனக்குத் தெரியவில்லை. நான் விட்டதானால் அந்தப் பெருமை எனக்கு. சத்தம் விட்டதானாலும் அந்தச் சத்தத்தைச் செய்தவன் நான். எப்படிப் பார்த்தாலும் என்னிடம்தான் வந்து நிற்கிறது. இதில் டீச்சருக்கோ கமிட்டிக்கோ என்ன குழப்பம் என்று எனக்குப் புரியவில்லை.

ஆகையால் கமிட்டியிடம் கேட்கிறேன். கிளிக்கர் செய்தவர் என்று என் பேரை அந்த ஃப்ளெக்ஸில் சேர்க்க வேண்டும். ஆள் உயரப் படத்துக்குக் கீழே வேண்டாம். வில், கயிறு என்று ஓரத்தில் எழுதியிருக்கிறதே, அந்த வரிசையில், அவர்களுக்குப் போட்ட அதே சின்ன எழுத்தில் போட வேண்டும்.